கொட்டாஞ்சேனைக் கொக்குகள்

கொட்டாஞ்சேனை,
11 ஜனவரி 2026

அன்புள்ள ரெனால்ட் அண்ணாவுக்கு,

அந்தோனியார் காவலில் இங்கே நானும் என் முழங்கால்களும் சுகம். இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் முறைப்பாடு சொல்கிறது. மெல்பேர்ணில் நீங்களும் ஷெரோமி மச்சாளும் குளிருக்கும் வெயிலுக்கும் தப்பிச் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

தொழில்முறை அணி என்றால் தொடர்புகள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், தொலைபேசியில் நான் அலட்டுவது கணக்கில் வராது என்று சொல்லி, ஒழுங்காக 'றிப்போர்ட்' அனுப்பச் சொன்னீர்கள். கப்பல் கம்பனியில் அத்தனை வருடம் நான் தட்டியது மற்றவர்களுடைய றிப்போர்ட். சொந்தமாக எனக்கு எழுத வருவது கடிதம்தான். ஆகவே சுகம் விசாரித்துத்தான் தொடங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயதில் மனிதர்கள் சீனி வருத்தம் வாங்குவார்கள். கொஞ்சம் வசதி என்றால் நாய் வாங்குவார்கள். நீங்கள் புதிதாகத் தொடங்கும் தொழில்முறை லீக்கில் ஒரு பெண்கள் வலைப்பந்து அணியை வாங்கி, அதற்கு என்னை மேலாளராகவும் போட்டிருக்கிறீர்கள். நான் கடைசியாக ஓடியது வெள்ளவத்தை பஸ்ஸைப் பிடிக்க. அது எனக்காக நிற்கவில்லை. பயிற்சியாளர் அருந்ததியிடம் இதைச் சொன்னேன். அவள் ஹெவ்லொக் டவுன் ஆள், சிரிப்புக்குச் சுங்கவரி கட்டுகிறவள் மாதிரி. "அப்ப நீங்கள் கோட்டுக்கு வெளியிலயே நில்லுங்கோ" என்றாள். வேலைப் பிரிப்பு முடிந்தது.

நீங்கள் வைத்த பெயரை மாற்றிவிட்டேன். 'ஹாபர் ஹரிக்கேன்ஸ்' கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் போன நவம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் வந்த சனத்திடம் போய்ப் புயலின் பெயரில் ரிக்கட் விற்க எனக்கு முகமில்லை. பிள்ளைகள் ஒருத்தியைத் தவிர எல்லாரும் நெட்டை. முதல்நாள் வரிசையில் நின்றபோது கொக்குகள் மாதிரித்தான் தெரிந்தார்கள். லீக்குக்கு 'ஹாபர் ஹெரன்ஸ்' என்று எழுதிக்கொடுத்தேன். ஊருக்குள் இப்போதே கொட்டாஞ்சேனைக் கொக்குகள்.

நீங்கள் கேட்ட நட்சத்திரம் கிடைத்துவிட்டது. வெள்ளவத்தை ஹம்சிகா, கோல் ஷூட்டர். வளையத்துக்குக் கீழே நின்றால் பந்தை வீசத் தேவையில்லை, மேலே வைத்துவிட்டு வரலாம் போல இருக்கிறாள். பந்தை அவளிடம் கொண்டு சேர்க்க வேண்டிய சென்டர், புளுமெண்டால் வீதி லுத்பியா. குட்டை, ஆனால் மின்சாரம். நிரந்தர வங்கி வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வருகிறாள். அவளுடைய உம்மா விடவில்லை. நான் மாசிச் சம்பலும் கொண்டு வீட்டுக்குப் போனேன். "பேங்க் வேலய விட்டா, நாளைக்குப் பந்தும் இல்ல பேங்கும் இல்லண்டு ஆகிடாதா?" என்று கேட்டா. "நான் மனேஜரா இருக்கிற வரைக்கும் லுத்பியா இந்த டீமில இருப்பா" என்று சொல்லிவிட்டேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நானும் அழுதேன். சம்பல் உறைப்பு.

ஒரு சின்ன விஷயம். ஹம்சிகாவும் லுத்பியாவும் இரண்டு வருடமாக ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. இருவரும் வேறு வேறு வங்கிகளுக்கு ஆடியவர்கள். வர்த்தக நிறுவனங்களின் இறுதிப் போட்டியில் லுத்பியாவின் முழங்கை பட்டு ஹம்சிகாவின் முன்பல் போய்விட்டது. இப்போது இருப்பது பல் வைத்தியர் போட்டது. தவறுதலாகப் பட்டது என்கிறாள் இவள். குறி வைத்து இடித்தது என்கிறாள் அவள். சரியாகிவிடும்.

மச்சாளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இங்ஙனம் உங்கள் தங்கை (மேலாளர்),
ஐறீன்


மெல்பேர்ண்,
18 ஜனவரி 2026

அன்புள்ள ஐறீன்,

நாங்கள் சுகம். முழங்காலுக்கு மஞ்சள் குளிசை அனுப்புகிறேன்.

உன் றிப்போர்ட் நீளம். அதில் தகவல் குறைவு, சம்பல் கூட. இனிமேல் எழுதும்போது ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொள்: வெற்றி பெறும் அணிக்கு மிக முக்கியமானது எது? நான் இங்கே எத்தனையோ நிபுணர்கள் பேசக் கேட்டுவிட்டேன். எல்லாரும் சொல்வது ஒன்றுதான். திறமையை வாங்கு, அளந்து பார், அளவில் குறைந்ததை மாற்று. பாசம், பரிதாபம், பழைய கோபம் எல்லாம் கோட்டுக்கு வெளியே. அந்தப் பல் கதை எனக்குத் தேவையில்லை. அவர்கள் தொழில்முறை வீராங்கனைகள். கதைக்க வேண்டியதில்லை, பந்தைக் கொடுத்தால் போதும்.

ஆரம்பச் சுற்று தொலைக்காட்சியில் வராதாம். எல்லா ஆட்டத்தையும் வீடியோ எடுத்து அனுப்பு. இரவில் இருந்து அலசுவேன்.

இன்னொன்று. ஷெரோமிக்கு இன்னும் நான் சொல்லவில்லை. கொம்பியூட்டரில் ஏதோ படிப்புப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நல்ல நேரம் பார்த்து நானே சொல்வேன். உன் வாய் பற்றி எனக்குத் தெரியும். கவனம்.

அன்புடன் அண்ணா,
ரெனால்ட்


கொட்டாஞ்சேனை,
9 பெப்ரவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

குளிசை வந்தது. முழங்கால் மஞ்சளாகவில்லை, சுகமும் ஆகவில்லை, ஆனால் உங்கள் அன்புக்கு நன்றி சொல்லச் சொன்னது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி. கொடுத்தால் போதும் என்று எழுதினீர்கள். லுத்பியா கொடுக்கிறாள்தான். ஹம்சிகாவைத் தவிர எல்லாருக்கும் கொடுக்கிறாள். கண்டியோடு ஆடும்போது ஒருமுறை நடுவருக்கே கொடுத்துவிட்டாள். ஹம்சிகாவும் குறைந்தவள் இல்லை. லுத்பியாவிடமிருந்து தப்பித் தவறி ஒரு பந்து வந்தால், மாமியார் சீதனத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாள். அதற்குள் மற்றப் பக்கத்தார் தட்டிவிடுகிறார்கள்.

ஆட்ட நாட்களில் அணி தங்கும் விடுதியில் அருந்ததி இருவரையும் ஒரே அறையில் தங்க விட்டாள். நடுவில் ஒரு கதிரையை வைத்து அதன் மேல் துவாய்களை அடுக்கிச் சுவர் கட்டிவிட்டார்கள். செய்தி சொல்ல வேண்டுமென்றால் என்னை அழைக்கிறார்கள். "அன்ரி, அவவிட்ட கேளுங்கோ ஃபானை நிப்பாட்டட்டோ எண்டு." நான் கேட்டு, பதில் வாங்கி, திரும்பிச் சொல்லி, ஃபானையும் நானே நிற்பாட்டிவிட்டு வருகிறேன். மேலாளர் வேலை என்பது இதுதான் என்றால் எனக்கு நன்றாகவே வருகிறது.

வீடியோ இரண்டும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு உங்கள் தங்கை,
ஐறீன்


மெல்பேர்ண்,
13 பெப்ரவரி 2026

ஐறீன்,

சுகம்தானே. வீடியோ பார்த்தேன். முதலாவதில் உன் பெருவிரல். இரண்டாவதில் மண்டபத்துக் கூரை. கூரையை அலச முடியாது.

புள்ளிகளை வைத்து முடிவெடுத்துவிட்டேன். ஹம்சிகாவைத் தொட முடியாது, அவள் நட்சத்திரம். ஆகவே லுத்பியா போக வேண்டும். அடுத்த கிழமை நோன்பும் தொடங்குகிறது. பகலெல்லாம் தண்ணீர்கூட இல்லாமல் ஒரு சென்டர் எப்படி ஓடுவாள்? அணியில் ஆள் மாற்றுவதற்குக் கடைசி நாள் பெப்ரவரி இருபத்தெட்டு. அதற்குள் அவளுக்கு விடுவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, ரிசேர்வில் இருக்கும் பிள்ளையை எடு.

தாய்க்கு நீ வாக்குக் கொடுத்தது எனக்குத் தெரியும். அது நீ கொடுத்த வாக்கு, அணி கொடுத்ததல்ல. இது தொழில். முடித்துவிட்டு எழுது.

அண்ணா


மெல்பேர்ண்,
16 பெப்ரவரி 2026

அன்பு ஐறீன்,

நலம்தானே? இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, தலைக்குத்தான் சூடு.

உமது அண்ணன் இரவிரவாக எழும்பிக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறார். நான் போனால் மூடுகிறார். நேற்று அவர் குளிக்கப் போன நேரம் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு நெட்டைப் பெட்டைகளின் படம். ஒவ்வொருத்தியின் உயரம், நிறை, வயது எல்லாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. இந்த வயதில் இது என்ன படிப்பு? உமக்குத் தெரியாமல் இருக்காது. ஒளிக்காமல் எழுதும். பிறகு பெருவிரல் படம் ஒன்றும் இருந்தது. அது உம்முடையது என்று நகத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

உம்மை நம்பியிருக்கும் மச்சாள்,
ஷெரோமி


கொட்டாஞ்சேனை,
23 பெப்ரவரி 2026

அன்புள்ள ஷெரோமி மச்சாளுக்கு,

தலைச்சூடு தணிய வேண்டும் என்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்பது அண்ணாவின் கட்டளை. ஆகவே இதை வாசித்து முடித்ததும் தயவு செய்து ஒன்றும் தெரியாதவர்போல் இருங்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரும் அண்ணாவின் காதலிகள் இல்லை. அவருடைய வலைப்பந்து அணி. நான்தான் மேலாளர். எந்தச் செய்தி உங்களுக்கு அதிக அதிர்ச்சி என்று பிறகு எழுதுங்கள்.

இப்போது என் தலைச்சூட்டைக் கேளுங்கள். எங்கள் சென்டர் லுத்பியாவை இம்மாதம் முடிவதற்குள் அனுப்பிவிடச் சொல்லி அண்ணாவின் உத்தரவு. தன் முழங்கை பட்டு நட்சத்திரம் ஹம்சிகாவின் முன்பல் போன நாளிலிருந்து அவளோடு இவள் கதைப்பதில்லை, அது ஒரு காரணம். நோன்பு பிடிக்கிறாள், அது மற்றது. வங்கி வேலையை அவள் விடுவதற்குச் சம்மதிக்கச் சொல்லி அவளுடைய தாயிடம் கெஞ்சியது நான். விடுவிப்புக் கடிதத்தை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் சமையல் செய்தேன்.

அந்தச் சமையல்தான் கதை. போன வெள்ளிக்கிழமை பயிற்சி. கடைசியாக எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போடுவோம் என்று நினைத்தேன். யோசித்துப் பாருங்கள், மச்சாள். அன்றைக்குத் தவக்காலத்தின் முதல் வெள்ளி, எங்கள் பிள்ளைகளுக்கு இறைச்சி இல்லை. வெள்ளவத்தைச் சைவப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை மீன்கூட இல்லை, ஹம்சிகா அன்றைக்கு அந்தி வரைக்கும் விரதம். லுத்பியாவுக்கு நோன்பு. அண்ணாவின் சத்துணவுத் திட்டப்படி நாலு மணிக்கு ஆளுக்குக் கால் கோழி. இத்தனையும் தெரிந்திருந்தும் நான் நாலு மணிக்கு கோழிக் குழம்போடு போய் நின்றேன். எவளும் சட்டிப் பக்கம் திரும்பவில்லை. பயிற்சியாளர் அருந்ததி சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஒரு ஆளுக்கும் சரிவராத சாப்பாடு சமைக்கிறதும் ஒரு திறமைதான்" என்றாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு எல்லாரும் சாப்பிடக்கூடிய ஒன்றைச் செய்கிறேன் பார் என்று, பங்குக் கோயில் மண்டபத்துச் சமையலறைக்குள் புகுந்தேன். நோன்புக் கஞ்சி. ஆட்டிறைச்சிக்குப் பதில் சோயா மீற். யாரிடமும் அளவு கேட்கவில்லை. எங்கள் பரம்பரையில் யாரும் கஞ்சி காய்ச்சியதும் இல்லை. அடிப்பிடித்தது. கிளறினேன், இறுகியது. தண்ணீர் ஊற்றினேன், இன்னும் இறுகியது. உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்தபோதெல்லாம் போட்டேன்.

பாங்கு கேட்டது. லுத்பியா பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்தாள். விரதம் முடிக்க ஹம்சிகாவும் வந்து, லுத்பியா இருந்த நீள மரவாங்கின் மற்ற முனையில் இருந்தாள். பசியோடு இருந்தவர்கள் அந்த இருவரும்தான். மற்றவர்கள் மணத்திலேயே தள்ளி நின்றார்கள். லுத்பியா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"அன்டி, இது கஞ்சியா, கொங்கிறீட்டா?"

வாங்கின் மற்ற முனையில் ஹம்சிகா சிரித்துவிட்டாள். வாயில் என் சோயா. சிரித்த வேகத்தில் சோயாவைக் கடித்தாள். கடித்த வாயைத் திறந்தபோது முன்பல்லைக் காணவில்லை. வைத்தியர் போட்ட பல் என் கஞ்சியில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பல்லைப் பற்றி யாரும் வாய் திறக்காத இரண்டு வருடம், மச்சாள். லுத்பியா எழும்பினாள். ஹம்சிகாவின் கோப்பையை இழுத்தாள். கரண்டியால் கிண்டிக் கிண்டித் தேடினாள். எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இந்தா. அண்டைக்கே தந்திருக்கணும்."

ஹம்சிகா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்த முழங்கைக்குப் பிறகு அவளோடு நேரே கதைத்த முதல் வார்த்தை இதுதான்:

"கழுவிப்போட்டுத் தா."

பிறகு நடந்ததை எழுத முடியாது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கல். இருவரும் குழாயடிக்குப் போனார்கள், கன நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முழங்கை எப்படிப் பட்டது என்று லுத்பியா செய்து காட்டுகிறாள். இல்லை, இப்படித்தான் இடித்தாய் என்று ஹம்சிகா திருத்துகிறாள். அந்த இடைவெளியில் காற்று வர, பேச்செல்லாம் விசிலடிக்கிறது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் விடுவிப்புக் கடிதம் எழுதப் போவதில்லை, மச்சாள். அண்ணாவிடம் பொய் சொல்லவும் எனக்கு வராது. ஆகவே உண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல் சொல்லப் போகிறேன். நீங்கள் உதவ வேண்டும்.

உங்கள் அன்பு மச்சாள்,
ஐறீன்


மெல்பேர்ண்,
3 மார்ச் 2026

ஐறீன்,

ஆள் மாற்றும் நாள் முடிந்துவிட்டது. போன கடிதத்தில் நீ எழுதியது முழுக்க வெயிலைப் பற்றி. கொழும்பில் வெயில் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். லுத்பியா விஷயம் முடிந்ததா இல்லையா? யார் சென்டர்? இரண்டு ஆட்டம் வென்றதாகக் கேள்வி. எப்படி?

இதற்கிடையில் ஷெரோமி இரவில் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்து, "படிப்பு எப்படிப் போகிறது?" என்று கேட்கிறாள். பயமாக இருக்கிறது.

அண்ணா


கொட்டாஞ்சேனை,
10 மார்ச் 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் மற்ற எல்லாரும் நல்ல சுகம். வெயில் கொஞ்சம் குறைவு.

இப்போது நான்கு ஆட்டம் வென்றுவிட்டோம். அரையிறுதிக்குப் போகிறோம். நீங்கள் சொன்னபடி சென்டரில் பெரிய மாற்றம். முந்தி ஆடிய பிள்ளைக்கும் இப்போது ஆடுகிற பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை. இவள் பந்தை ஹம்சிகாவுக்குத்தான் முதலில் கொடுக்கப் பார்க்கிறாள். ஹம்சிகா எங்கே நிற்பாள் என்று பார்க்காமலே தெரிகிறது. அருந்ததிகூட ஒருமுறை பல்லைக் காட்டினாள்.

பயிற்சி நேரத்தை அந்திக்குப் பிறகு மாற்றியிருக்கிறோம், வெயில் காரணம். அதற்கு முன் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஹம்சிகாவின் அம்மா இடியப்பம் அனுப்புகிறா. புளுமெண்டாலிலிருந்து ஒருவர் கஞ்சி அனுப்புகிறார், மெய்யான கஞ்சி. என்னைச் சமையலறைக்குள் விடக் கூடாது என்று அணி ஏகமனதாகத் தீர்மானம் எடுத்திருக்கிறது. முதலாவது ஏகமனதான தீர்மானம், அண்ணா, உங்கள் பதிவுக்கு.

வெற்றி பெறும் அணிக்கு மிக முக்கியமானது எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்து, எல்லாரும் சேர்ந்து பழிக்க ஒரு ஆள் வேண்டும். எங்களுக்குக் கிடைத்துவிட்டாள். பெயர் வேண்டாம். முழங்கால் வருத்தக்காரி, உப்புப் போடத் தெரியாது.

அரையிறுதி தொலைக்காட்சியில் வருகிறதாம். அன்றைக்கு மெல்பேர்ணில் மின்சாரம் ஒழுங்காக இருக்குமா?

உங்கள் தங்கை,
ஐறீன்


மெல்பேர்ண்,
25 மார்ச் 2026

அன்பு ஐறீன்,

எங்கள் இரண்டு பேருடைய உடம்பும் சுகம். மற்றதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் 'படிக்க' ஆயத்தமானார். நான் போய்ப் பக்கத்தில் இருந்து, "என்ன, கொக்குகளோ ஆடுதுகள்?" என்று கேட்டேன். தேத்தண்ணீரை மடியில் ஊற்றிக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தில் கோல் டிஃபென்ஸ் ஆடியவள் என்பதை முப்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவருக்குத் தெரியாது. கேட்டால்தானே.

ஆட்டம் தொடங்கியது. சென்டர் உடுப்போடு தலையில் துணி கட்டிய குட்டைப் பிள்ளையைக் கண்டார். "அது... அது லுத்பியா" என்றார். அடுத்த கால்மணி நேரம் உம்மைப் பற்றிச் சொன்னதை நான் எழுதவில்லை. தவக்காலம்.

இரண்டாம் கால் பகுதியில் பேச்சு நின்றது. மூன்றாம் பகுதியில் எழும்பி நின்றார். அந்தப் பிள்ளை இரண்டு நெட்டைகளுக்கு நடுவே குனிந்து, தலையையும் தூக்காமல் ஹம்சிகாவிடம் ஒரு பந்து விட்டதே, அப்போது மனுசன் சோபாவுக்கு மேலே ஏறி நின்று "அதுதான் என்ர பிள்ளை" என்றார். சோபாவிலிருந்து இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்.

இன்றுவரை உமக்கு எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். மூன்று முறை எழுதி அழித்தார், கண்டேன். இறுதிப் போட்டிக்கு அங்கே வருகிறார். கோபத்தோடா, இல்லையா என்று அவருக்கே தெரியாது. அந்தப் பிள்ளையின் அடுத்த வருட ஒப்பந்தம் இன்னும் போடவில்லை என்று மட்டும் தெரியும். பார்த்து நடவும்.

ஷெரோமி


கொட்டாஞ்சேனை,
13 ஏப்ரல் 2026

அன்புள்ள மச்சாளுக்கு,

எனக்குத் தொண்டை இல்லை. மற்ற உறுப்புகள் எல்லாம் சுகம். உயிர்த்த ஞாயிற்று வாழ்த்துகளையும் சித்திரை வருட வாழ்த்துகளையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

அண்ணா கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார், சித்திரை வெக்கையில். என்னிடம் பேசிய ஒரே வார்த்தை, "வெயில் நல்லாய்த்தான் அடிக்குது." என் கடிதங்களை அவர் ஒழுங்காக வாசித்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

எங்களுக்குப் பின்னால் லுத்பியாவின் உம்மா. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தா. ஒப்பந்த விஷயம் அவவுக்குத் தெரியும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டினா. நானும் ஆட்டினேன். எனக்குள்ளே ஆடியது வேறு.

ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கடைசி நிமிடத்தில் சமநிலை. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தோனியாரிடம் நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணா என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. பிறகு ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் லுத்பியாவை ஹம்சிகா தோளில் தூக்கிவைத்திருக்கிறாள். ஒரு கோலால் வென்றுவிட்டோம். அருந்ததி அழுதுகொண்டிருந்தாள், அதையும் முறைத்துக்கொண்டே அழுதாள்.

கிண்ணம் கொடுக்கும்போது முதலாளியைப் பேசச் சொன்னார்கள். அண்ணாவிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் நிபுணர்கள் சொன்னது, பிறகு அவர் சொன்னது. அதோடு நின்றிருக்கலாம். மண்டபம் கைதட்டியது, கைதட்டல் அவருக்கு ஏறிவிட்டது. லுத்பியாவின் தோளில் கையை வைத்து, உம்மாவையும் பார்த்து, சொன்னார்:

"இந்தப் பிள்ளையில எனக்கு முதல் நாளில இருந்து நம்பிக்கை. நோன்பு நேரம் எத்தினை பேர் என்ன சொன்னாலும், நான் இவவைக் கைவிட நினைக்கவே இல்லை."

என் பக்கத்தில் ஹம்சிகா. புதுப் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை, மச்சாள். எங்கள் ஒழுங்கையில் அயல்வீட்டார் யாரும் நம்ப மாட்டார்கள்.

லுத்பியா முகத்தில் ஒரு அசைவு இல்லை. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு மெல்ல இறக்கினாள்.

"பெரிய நன்றி சேர். அப்ப மூணு வருஷத்துக்குப் போடுறீங்கதானே?"

மண்டபம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. தொலைக்காட்சிக் கமெரா அண்ணாவின் முகத்துக்கு மிகவும் கிட்டப் போனது. உம்மா மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டா. அண்ணா லுத்பியாவைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டுச் சிரித்தார், மச்சாள். சின்ன வயதில் கரம்போர்டில் நான் காயை ஒளித்து அளாப்பியதைக் கண்டுபிடித்தும் விட்டுவிடும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

"போடுறன்" என்றார்.

நாளை மறுநாள் விமானம் ஏறுகிறார். பையில் மாசிச் சம்பல். நான் செய்ததில்லை, பயப்பட வேண்டாம்.

உங்கள் ஐறீன்


மெல்பேர்ண்,
26 ஏப்ரல் 2026

அன்புள்ள ஐறீன்,

சுகமாக வந்து சேர்ந்தேன். சம்பல் முடிந்துவிட்டது. ஷெரோமி அடுத்த பருவத்துக்கு உதவிப் பயிற்சியாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டாள். சோபாவில் இருந்தபடி.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். மூன்று வருடம். தாயிடம் நீயே கொண்டுபோய்க் கொடு. வாக்குக் கொடுத்தவள் நீதானே.

அன்றைக்கு மேடையில் நான் சொன்னது, சொல்லும்போது பொய். விமானத்தில் பக்கத்து ஆசனக்காரரிடம் திரும்பச் சொன்னேன், அப்போது அவ்வளவு பொய்யாக இல்லை. இங்கே சங்கக் கூட்டத்தில் 'வெற்றி பெறும் அணிக்கு மிக முக்கியமானது எது?' என்று பேச அழைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், முதலாளி கடல் தாண்டி இருப்பதுதான். அதை அங்கே சொல்லப் போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். நான் பெப்ரவரியில் உனக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? வேறு யாருக்காவது சொன்னாயா?

என்றும் உன் அண்ணா,
ரெனால்ட்


கொட்டாஞ்சேனை,
27 ஏப்ரல் 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், முழங்கால் உட்பட.

ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டு இப்போதுதான் வந்தேன். உம்மா இந்தமுறை அழவில்லை. வட்டிலப்பம் தந்தா, உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொன்னா. அதை நான் உங்கள் சார்பில் சாப்பிட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, அண்ணா. சத்தியமாக. நான் சொல்லப் போன இடத்திலெல்லாம் எல்லாருக்கும் முதலே தெரிந்திருந்தது.

இப்படிக்கு உங்கள் மேலாளர்,
ஐறீன்